பெரியம்மாவின் கையெழுத்து

பெருவிரலில் ஒட்டிய ஊதா மையைப் பெரியம்மா சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகும்வரை துடைத்தார், மை போகவில்லை.

நெடுந்தீவில் வேலிக்கல் காலில் விழுந்த புண். சலரோகம், நீரிழிவுதான்; புண் கறுத்துவிட்டது. வள்ளமேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது நான்தான். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். இங்கிலீசு தெரியும் என்ற மிதப்பு வேறு. வாட்டில் நின்ற தாதி மிஸ்ஸி நீட்டிய தாளில், முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கச் சம்மதம் என்று இங்கிலீசில் இருந்தது. “என்ன தம்பி எழுதிக் கிடக்கு?” என்றார் பெரியம்மா. உள்ளதைச் சொன்னால் பின்னேர வள்ளத்திலேயே திரும்பிவிடுவார் என்று பயந்தேன். “ஒண்டுமில்லைப் பெரியம்மா, புண்ணைத் துப்புரவாக்கப் போயினம்.” தீவு மனுசிக்கு எழுத்தேது என்று நினைத்தாரோ, மிஸ்ஸி மைப்பெட்டியைத் திறந்தார். கண்டியில் கடை வைத்திருந்த மகனுக்கு மாதம் தவறாமல் கடிதம் எழுதுகிறவர் பெரியம்மா. அது எனக்குத் தெரியும். பேனையைக் கொடுத்தால் வரிவரியாக வாசிக்கச் சொல்வார் என்பதும் தெரியும். பேசாமல் அவருடைய விரலைப் பிடித்து நானே அழுத்தினேன்.

மயக்கம் தெளிந்ததும் போர்வையைத் தடவிக்கொண்டே போன கை, பள்ளமான இடத்தில் நின்றது. “உனக்குத் தெரியுமோ?” என்றார். “ஓம்” என்றேன். போர்வையை முகம்வரை இழுத்து மூடிக்கொண்டார்.

எதை வெட்டுவார்கள், வெட்டாவிட்டால் என்ன ஆகும், மாட்டேன் என்று சொல்லலாமா, எல்லாவற்றையும் தமிழில் எழுதிப் பிரதியெடுத்து, நோயாளிகளுக்குக் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக் கந்தோருக்கு ஓடினேன். கிளாக்கர் சிரித்தார். “நீர் டொக்டராய் வந்தாப்பிறகு கொண்டாரும் தம்பி. இதை வாசிச்சால் ஒருதரும் கட்டிலிலை கிடக்கமாட்டினம்.” மூன்றாம் முறை போனபோது என் தாள் மடிந்து அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே கிடந்தது.

மிஞ்சிய ஒன்றைப் பெரியம்மாவுக்கு வாசித்தேன். “அண்டைக்கு இதைச் சொல்லியிருந்தால் வள்ளத்துக்கு ஓடியிருப்பியள்தானே?” என்றேன்.

“ஓடியிருப்பனோ, ஓம் எண்டிருப்பனோ, ஆருக்குத் தெரியும்? யோசிக்க நீ என்னை விட்டனியோ?” என்றவர், “பேனையைத் தா” என்றார். குண்டு குண்டான எழுத்தில் முழுப் பெயரையும் எழுதினார். அவர் காலமாகிவிட்டார், அந்தத் தாள் என் அலுமாரியில் கிடக்கிறது.

போன மாதம் அயல்வீட்டு அக்காவோடு அதே வாட்டுக்குப் போனேன். அதே இங்கிலீசுத் தாள், அதே மைப்பெட்டி. மிஸ்ஸியை நிற்கச் சொல்லிவிட்டு, அக்காவுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள், இன்னொரு மிஸ்ஸி மைப்பெட்டியோடு போய்வந்த எதிர்க் கட்டில்களில் இரண்டு பேர் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.