பாய்லருக்கு வைத்த பொட்டு

கொடைக்கானல் சந்தையில் பூண்டு விற்கும் கூக்கால் கிராமத்து அம்மாள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: "ஊருக்கு எப்பங்க கெளம்புறீங்க?" என் பேச்சின் இழுவையைக் கேட்டு, சீசனுக்கு வந்தவன் என்று அவளுக்கு நினைப்பு. அடி அம்மா, இதுதான் உன் ஊர் என்று இரண்டு சர்க்கார்கள் கூடிப் பேசியல்லவா என்னைக் கப்பலேற்றி அனுப்பியிருக்கின்றன!

சிலோன் அட்டனில் இன்னும் கப்பலுக்குக் காத்திருக்கும் சொந்தங்களே, தாய்நாட்டின் லட்சணத்தைக் கேளுங்கள். சிலோனுக்குப் பிழைக்கப் போகுமுன் மதராஸில் பரீட்சை எழுதி நான் வாங்கிய பாய்லர் பரிசோதகர் லைசென்ஸ், அங்கே இருந்த காலத்தில் காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பிக்காவிட்டால் இந்த வயதில் பெரும்பாறைத் தோட்டத்துக்குப் போய்க் காப்பிப்பழம் பறிக்க வேண்டியதுதான். மதுரையிலிருந்து வந்த அதிகாரி, ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் வெந்நீர் பாய்லரைத் தன் முன்னால் சோதித்துக் காட்டினால் போதும் என்றார். தன் முன்னால் என்றது பேச்சுக்குத்தான். நான் பின்கட்டில் சோதித்துக்கொண்டிருக்க, அவர் முன்கட்டில் முதலாளி செலவில் ஆம்லெட் விழுங்கிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூசை முடிந்த மறுநாள் அது. பாய்லருக்குச் சந்தனம், மாலை என்று ஒரே அமர்க்களம். சரி, இருக்கட்டும். ஆனால் அந்தப் புத்திசாலிகள் குங்குமப் பொட்டு வைத்திருந்த இடம் பிரஷர் மீட்டரின் கண்ணாடி! நீராவி தாண்டக்கூடாத சிவப்புக் கோட்டின் மேலேயே அப்பியிருந்தார்கள். கட்டைவிரலால் துடைத்தேன். முள் கோட்டைத் தாண்டி நின்றது. அடுப்பு நெருப்பை வெளியே இழுத்துக் கொட்டச் சொல்லிக் கத்தினேன்.

சத்தம் கேட்டு முதலாளியும் அதிகாரியும் ஓடி வந்தார்கள்.

"ஏலே, யாருலே சாமி பொட்டை அழிச்சது?" என்றார் முதலாளி.

"நான்தாங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கூரை ஏரியில போய் விழுந்திருக்கும்."

"வருசா வருசம் பொட்டு வச்சுத்தான் ஓடுது, ஒண்ணும் ஆகல. சிலோன்காரனுக்கு நம்ம வழக்கம் என்னங்க தெரியும்?" என்று அவர் அதிகாரியிடம் முறையிட்டார்.

அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டார். "எடத்துக்குத் தக்கன நடந்துக்கணுங்க. லைசென்ஸை அப்புறம் பாப்போம்."

இந்த மகானுபாவரின் உயிரையும் சேர்த்துத்தான் காப்பாற்றினேன், த்தூ!

அட்டனில் தேயிலை ஃபாக்டரி பாய்லருக்கு வருஷா வருஷம் பொட்டு வைத்தது யார்? நான்தானே! கண்ணாடியில் அல்ல, இரும்பில். அதற்கே, "இந்தியாக்காரன் புத்தி" என்று தோட்டத்துத் துரை கேலி செய்ததை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

திரும்பி நடக்கையில் பார்த்தேன், கட்டைவிரலில் குங்குமம் அப்படியே இருந்தது. சட்டையில் துடைக்க மனம் வரவில்லை. நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

சந்தையில் பூண்டு அம்மாள் அதைப் பார்த்து, "கோயிலுக்குப் போய்ட்டு வாறீங்களா? நல்லதுங்க. ஊருக்கு எப்பங்க கெளம்புறீங்க?" என்றாள்.

"நாளைக்கு வெள்ளனே கெளம்புறேம்மா" என்றேன். பெரும்பாறைத் தோட்டத்துக்கு என்று சொல்லவில்லை.