ஐ.சி.க்கு வைத்த பொட்டு

என் அப்பாவின் தம்பியைச் சித்தப்பா என்று கூப்பிடும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு என்று ஏழாம் வகுப்பு வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் தீபாவளி முடிந்த கையோடு, பெரியம்மா மகள் கடலூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியுடன் வந்து இறங்கினாள். மறுநாளே அவளும் அவரைச் சித்தப்பா என்றாள். முறைப்படி அவளுக்குச் சித்தப்பா என்றால் அது என் அப்பா. ஒருவர் போதாதென்று என்னுடையவரையும் எடுத்துக்கொண்டாள்.

அவள் வந்ததற்குக் காரணம் இருந்தது. பெரியம்மா, அதாவது என் அம்மாவின் அக்கா, கோரிமேட்டில் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பெரியப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. "பத்து நாளுதான், அவளுக்கும் யாரு இருக்கா?" என்றாள் அம்மா. அந்தப் பத்து நாளை நான் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினேன். பதினோராவது நாள் அவளை என் வகுப்பிலேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். அவள் என்னைவிட நாலு மாதம் மூத்தவள். அந்த நாலு மாதத்துக்காக அவளை அக்கா என்று வேறு கூப்பிட வேண்டுமாம்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் மில்லில் எலெக்ட்ரீஷியன். மில் கதவைச் சாத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மற்றவர்கள் சங்கக் கொட்டகையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அவர் ஏதோ பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு எழுதிப்போட்டு, ஒரு கம்ப்யூட்டரைத் துண்டு துண்டாகத் தபாலில் வரவழைத்தார். உழவர்கரையில் எங்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்து இரண்டு மாதம் பற்றவைத்தார். ஒரு பலகை, அதன்மேல் பச்சை அட்டை, அட்டை முழுக்க மரவட்டை மாதிரி கால் கால்களாக ஐ.சி. என்கிற கறுப்புச் சில்லுகள். திரைக்கு எங்கள் வீட்டுக் கறுப்புவெள்ளை டி.வி. ஞாயிற்றுக்கிழமை சினிமாவைத் தியாகம் செய்து நான் அந்த டி.வி.யை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டர் ஓடியது. சரியாக அரை மணி நேரம் ஓடியது. அதற்குப் பிறகு ஏ என்று அடித்தால் திரையில் க்யூ விழுந்தது. கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க எழுத்துக்குப் பித்துப் பிடித்தது.

இந்த அரை மணி நேரத்தில்தான் சித்தப்பாவின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது. கடற்கரைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். சித்தப்பாவிடம் பட்டம் கிடையாது. "நீங்களே செஞ்சதா? கொண்டாங்க. ஒரு மணி நேரம் கோளாறு இல்லாம ஓடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அங்கே தலைமைக் கன்னியாஸ்திரியாக இருந்த மதர் சொல்லிவிட்டார். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை அதற்கு நாள் குறித்தார்கள். கம்பெனி கொடுத்த ஆறு மாத வாரண்டியும் காணும் பொங்கலோடு முடிகிறது. அதற்குள் எது கெட்டது என்று கண்டுபிடித்து அனுப்பினால், இலவசமாக மாற்றித் தருவார்கள். கடையில் வாங்கலாம் என்றால் அந்த ஐ.சி. பாண்டியிலும் இல்லை, மெட்ராஸிலும் இல்லை.

சித்தப்பா முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். பற்றவைத்த இடத்தையெல்லாம் மறுபடி பற்றவைத்தார். கரண்ட் ஏற்ற இறக்கமோ என்று பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் கொண்டுபோய் ஓட்டிப்பார்த்தார். அங்கும் அரை மணி. கம்பெனி அனுப்பிய புத்தகத்தைப் படித்தால் புரியும் என்றால், அது இங்கிலீஷில் இருந்தது. தாத்தா பிரஞ்சு சர்க்காரில் பியூனாக இருந்தவர், அதனால் சித்தப்பா படித்தது பிரஞ்சுப் பள்ளிக்கூடம். இங்கிலீஷ் புத்தகத்தையும் அவர் பிரஞ்சு மாதிரியே மூக்கால் வாசிப்பார். எனக்குத் தமிழ் மீடியம். கான்வென்ட்டில் படித்த பெரியம்மா மகள், வந்த மூன்றாம் நாள், கதவோரம் நின்று, "சித்தப்பா, அது 'மெமொரி'. ஞாபகம்னு அர்த்தம்" என்றாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் வாசிப்பாள், அவர் கேட்பார். இரண்டு தலையும் அந்தப் பலகைமேல் கவிழ்ந்திருக்கும். நான் உள்ளே போனால், "ஃபேன் காத்து மறைக்குது, தள்ளி நில்லும்மா" என்பார் சித்தப்பா. என்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து குருசுக்குப்பம் வரை கூட்டிப்போய்ப் படகு காட்டியவர் அவர். எனக்கு வயிறு எரிந்தது. வேறு வார்த்தை தேடி அலங்கரிக்க விருப்பமில்லை, பச்சைப் பொறாமைதான்.

மேஜை விசிறியைத் திருப்பிவைத்தபோது அரை மணி முக்கால் மணி ஆனது. அப்படியானால் சூடுதான் காரணம், ஏதோ ஒரு ஐ.சி. சூடேறியதும் புத்தி மாறுகிறது என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். ஞாபகம் வைக்கிற ஐ.சி.கள் ஒரே வரிசையில் எட்டு இருந்தன. தொட்டுப்பார்த்தால் எட்டும் ஒரே சூடு. எந்த ஒன்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சித்தப்பா தாடையைச் சொறிந்துகொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்.

பெரியம்மா மகள்தான் சொன்னாள். "அம்மாவுக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால தொடைப்பாங்க. ஐஸ் வெச்ச மாதிரி ஆயிடுதுன்னு அம்மா சொல்லும். அதால ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்கலாமா சித்தப்பா?"

சித்தப்பா அவளை வாய் பிளந்து பார்த்தார். மறுநாளே ஒரு சின்ன புட்டி ஸ்பிரிட் வந்தது. திரையில் எழுத்து கலையும்வரை காத்திருந்து, பஞ்சை நனைத்து ஒன்று, இரண்டு என்று வரிசையாகத் தொட்டார்கள். ஐந்தாவதைத் தொட்டதும் க்யூ மறைந்து ஏ வந்தது. சித்தப்பா அவள் தலையில் கைவைத்து ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார். அவள் சிரித்துக்கொண்டே தன் சாந்துப் புட்டியைக் கொண்டுவந்து, ஐந்தாவது ஐ.சி.யின் முதுகில் அழகாக ஒரு பொட்டு வைத்தாள். கழற்றும்போது மாறிவிடக்கூடாதாம்.

அன்று நான் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் ஒன்று சொன்னேன். இன்றுவரை நினைத்தால் உடம்பு கூசுகிறது. "நீயும் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கோயேம்மா" என்றேன். அம்மா கரண்டியை ஓங்கினாள். பிறகு அடிக்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடி விழாததால் நான் சொன்னது அவ்வளவு தப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பாவும் அவளும் கோரிமேட்டுக்கு பஸ் ஏறினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான், அவளுக்கு ஜன்னலோர சீட்டு, திரும்பும்போது ஆரஞ்சுப்பழம். ஆஸ்பத்திரிக்குப் போவது ஒரு சுற்றுலா என்றே அன்று என் எண்ணம். வீட்டில் யாரும் பார்க்காத நேரம் பார்த்து, ஈரத்துணியால் ஐந்தாவதிலிருந்த பொட்டைத் துடைத்தேன். அம்மாவின் சாந்தை எடுத்து மூன்றாவதுக்கு வைத்தேன். அவளுடையது நல்ல சிவப்பு, அம்மாவுடையது அரக்கு நிறம். அவசரத்தில் அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா தோற்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவள் தோற்கவேண்டும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றுதான் என்பது அந்த வயதுப் புத்திக்கு எட்டவில்லை.

அன்று அவர்கள் இருட்டுவதற்குச் சற்று முன் திரும்பினார்கள். ஆரஞ்சு வாங்கி வரவில்லை. சித்தப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல், எண்ணிப் பார்க்காமல், பொட்டு இருந்த ஐ.சி.யை அதன் சாக்கெட்டிலிருந்து திருப்புளியால் நெம்பி எடுத்தார். பெரியம்மா மகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் அதைப் பஞ்சில் பொதிந்து தீப்பெட்டியில் வைத்தாள். கம்பெனிக்கு இங்கிலீஷ் கடிதமும் அவளே எழுதினாள். பெரிய புத்திசாலி என்று தூக்கிவைத்து ஆடுகிறார்களே, இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

புது ஐ.சி. ரிஜிஸ்தர் தபாலில் போகிக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. பொருத்தி ஓட்டினார்கள். முப்பத்தைந்தாவது நிமிடம் ஏ போய் க்யூ வந்தது. சித்தப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மறுபடி ஸ்பிரிட் பஞ்சால் தொட்டுக்கொண்டு போனார். ஐந்தாவதில் சரியானது.

"அஞ்சாவது..." என்றார். "அன்னிக்கும் அஞ்சாவதுதானே? நாம அனுப்பினது எது?"

போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். இந்த நாலு நாளில் எந்தத் தபாலும் பெங்களூர் போய்ச்சேராது என்பது எனக்கே தெரிந்தது.

பெரியம்மா மகள், "நான்தான் சித்தப்பா. பொட்டு வெக்கறப்ப தப்பா வெச்சிட்டேன்" என்றாள்.

இப்போது திட்டு விழப்போகிறது, சைக்கிளும் படகும் எனக்குத் திரும்பி வரப்போகின்றன என்று நான் காத்திருந்தேன். சித்தப்பா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "போவுது விடு. நீ இருக்கற நெலமையில எதுதான் ஞாபகம் இருக்கும்? நாந்தான் எண்ணிப் பாத்திருக்கணும்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் செய்த தப்புக்குக்கூட அவளையா கொஞ்சுவார்கள்? "அவ இல்ல! நான்தான் பொட்டை அழிச்சு மாத்தி வெச்சேன்!" என்று கத்தினேன். மனசாட்சி உறுத்தி ஒப்புக்கொண்டதாக யாரும் நினைக்கவேண்டாம். அவள் முதுகில் இருந்த கை என் முதுகுக்கு வரவேண்டும், அதுதான் காரணம்.

யாரும் நம்பவில்லை. "பாத்தியா, அக்காவுக்குத் திட்டு விழக்கூடாதுன்னு தன்மேல போட்டுக்குது" என்று அப்பா பூரித்தார். அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பெரியம்மா மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். பொய்யாகக் கிடைத்த அந்தப் பாராட்டு இனிக்கத்தான் செய்தது. ஆனால் சித்தப்பா கை இடம் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை கெட்ட ஐ.சி.யோடுதான் போனோம். ரிக்‌ஷாவில் டி.வி., அதன்மேல் பலகை, இரண்டையும் பிடித்துக்கொண்டு சித்தப்பா. மதர் எதிரில் உட்கார்ந்தார், அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து டீச்சர்கள். அரை மணி நெருங்கியதும் பெரியம்மா மகள் மேஜை அருகில் போய் நின்றாள். பஞ்சை நனைத்து ஐந்தாவது ஐ.சி.யை ஒற்றினாள். காய்ந்ததும் மறுபடி ஒற்றினாள். சிந்தாமல், அவசரப்படாமல், யாரையும் பார்க்காமல் ஒற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. நான் மாற்றிவைத்த பொட்டினால்தான் அவளுக்கு அத்தனை பேர் முன்னால் மேஜையருகே இடம் கிடைத்தது. நான் கடைசி பெஞ்சில் டி.வி. உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் பொண்ணு என்ன செய்யுது?" என்று மதர் கேட்டார்.

சித்தப்பாவுக்குப் பொய் வராது. "ஒரு ஐ.சி. கெட்டுப்போச்சுங்க மதர். மாத்தறதுக்குள்ள வாரண்டி முடிஞ்சிடுச்சு. சூடு ஏறாம அவ பாத்துக்கறா" என்றார். பிறகு பிரஞ்சில் ஏதோ சொன்னார். மதரும் பிரஞ்சிலேயே ஏதோ கேட்டார். சித்தப்பா கீழே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். மதர் எழுந்துவந்து அவள் தலையில் கைவைத்தார். வேலை கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மா பாயசம் வைத்தாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் சத்தமாகவே கேட்டேன்: "சித்தப்பாவுக்குத்தான் வேலை கெடச்சிடுச்சே, இனிமே இவ எப்பம்மா ஊருக்குப் போவா?"

அம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள். பள்ளிக்கூடத்தில் பிரஞ்சில் பேசிக்கொண்டது என்ன, ஆரஞ்சு வாங்கிவராத ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. மாசி மாதத்தில் பெரியம்மா போனபிறகும் எல்லாம் புரிந்துவிடவில்லை. அந்த அரக்குப் பொட்டு யாருடையது என்று பார்த்ததுமே பெரியம்மா மகளுக்குத் தெரிந்திருந்தது. கடலூர் வீட்டுக்கு இனித் திரும்பமுடியாது என்பதும், இந்த வீட்டில்தான் இருந்தாகவேண்டும் என்பதும், இந்த வீட்டுப் பெண்ணைக் காட்டிக்கொடுத்துவிட்டு இங்கே இருக்கமுடியாது என்பதும் அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது. இதெல்லாம் எனக்கு உறைக்க இன்னும் பல வருடங்கள் ஆயின.

அன்று அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவினாள். நல்ல பெயர் வாங்கத்தான் கழுவுகிறாள் என்று நினைத்து, நான் பின்னாலேயே ஓடி, என் தட்டை அவள் கையிலிருந்து பிடுங்கி, எல்லோரும் பார்க்கும்படி மறுபடியும் கழுவினேன்.