கம்பளிக் கையுறையும் ஐஸ் அக்காவும்

கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டுதான் ஐஸ் அக்கா தன் ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரைத் திறப்பார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். இவர் கழுத்தில் மப்ளர், பக்கத்தில் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரித்தால், "நீங்க சாப்பிடுங்க, நான் வேடிக்கை பாக்குறேன்" என்பார்.

குடலில் வந்த புற்றுநோய்க்கு ஏற்றிய கீமோ மருந்து, கட்டியோடு நரம்புகளையும் ஒரு கை பார்த்துவிட்டது. சில்லென்று எதைத் தொட்டாலும் விரலில் ஷாக் அடித்தது. பாதம் மரத்து, செருப்பு கழன்றதே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்ததும் உண்டு. "ஊர்ல வேற ஆளே இல்லையா டாக்டர், ஐஸ் விக்கிறவளுக்கா இது வரணும்?" என்று கேட்டார். மருந்தை நிறுத்தியதும் மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர்.

நிறுத்தி மாதங்கள் ஓடிவிட்டன. வெறும் கையால் தொட்டுப் பார்க்க அக்காவுக்குத்தான் துணிவில்லை. சரியாகவில்லை என்று தெரிந்துவிட்டால்? "கடைய வித்துட்டு வேற ஏதாவது பாப்போம்மா" என்று கணவர் சொன்ன அன்று மட்டும் அக்கா அழுதார்.

கணவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கும் வரம் பெற்றவர். முன்பெல்லாம் ஐஸ் அள்ளிய கையை அவர் பிடரியில் வைத்துத்தான் அக்கா எழுப்புவார். "கொலைகாரி" என்று துள்ளி எழுவார் மனிதர். இப்போது அந்தத் தொல்லை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தூக்கம்தான் வருவதில்லை.

போன ஞாயிறு கடையில் நல்ல கூட்டம். அக்கா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். கணவர் அள்ளி வைத்த ஐஸ்கிரீம், கோனிலிருந்து சரிந்து ஒருவர் சட்டையில் விழுந்தது. "தள்ளுங்க அந்தப் பக்கம். இத்தனை வருஷத்துல ஒரு உருண்டை ஒழுங்கா வைக்கத் தெரியல" என்று கரண்டியைப் பிடுங்கினார் அக்கா. ஃப்ரீசருக்குள் கையை முழங்கைவரை விட்டு, கூட்டம் கரையும்வரை அள்ளி அள்ளிக் கொடுத்தார்.

கடைசி ஆள் போன பிறகுதான், மேசைமேல் கிடந்த கையுறை கண்ணில் பட்டது.

ஃப்ரீசர் ஓரத்தில் படிந்திருந்த பனியை ஒற்றை விரலால் தொட்டார். ஷாக் அடிக்கவில்லை. விரல் நுனியில் மரப்பு இன்னும் மிச்சமிருந்தது. ஆனால் குளிர் வெறும் குளிராகத்தான் இருந்தது. அப்பாடா என்று வந்த மூச்சில் கண் கலங்கிவிட்டது. உள்ளங்கையைப் பனியில் பதித்துச் சிவக்கும்வரை வைத்திருந்தார். பிறகு சத்தமில்லாமல் கல்லாவுக்குப் பின்னால் போய், கண்மூடி உட்கார்ந்திருந்தவர் பிடரியில் அந்தக் கையை வைத்தார்.

கணவர் துள்ளவில்லை. அந்தக் கையை எடுக்கவிடாமல், தன் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.