ஒத்திக்குப் போன வீடும் ஒரு பிரெஞ்சுச் சாவும்

மார்ட்கேஜில் கையெழுத்துப் போட்டவன் கெடு முடிவதற்குள் செத்துப்போவான் என்று ஒரு மதியம் முழுக்க நம்பினேன். வெளியே சொல்ல வெட்கம்தான். திண்டுக்கல்லில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த வார்த்தையை ஊருக்கே நகல் எடுத்துக் கொடுத்தவன் நான்.

மகள் வக்கீலுக்குப் படிக்க எங்கள் வீட்டை ஒத்திக்கு விட்டிருந்தோம். ஒத்திக்கு வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் குடும்பம் வாடகையில்லாமல் நம் வீட்டில் இருக்கும். கெடு முடிந்ததும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்க வேண்டும். நானும் மனைவியும் வாடகை வீட்டில். அங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். சாயங்கால வெயிலில் பாறை சிவக்கும்போது, கொடியில் காய்ந்த வேட்டியை எடுக்க வந்தவன் எடுக்காமலே நின்றுகொண்டிருப்பேன்.

கெடு நெருங்கியது. பாதிப் பணம்தான் சேர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மகள் போனில், “ஒத்தியும் ஒரு மார்ட்கேஜ்தான்ப்பா. மார்ட்னா பழைய பிரெஞ்சுல செத்ததுன்னு அர்த்தம், கேஜ்னா அடமானம்” என்றாள். மீதியைக் கேட்க நான் லைனில் இல்லை. நெஞ்சை அடைத்தது. காலையில் தின்ற பரோட்டாவை நான் சந்தேகப்படவே இல்லை. சாவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். மனைவியைப் பார்க்க அல்ல, வீட்டைப் பார்க்க.

ஒத்திக்கு இருந்த அம்மா கதவைத் திறந்தார். “என்னண்ணே, இப்பிடி வேர்த்துக் கொட்டுது? உக்காருங்க” என்று என் வீட்டுக் கூடத்தில் எனக்கே நாற்காலி போட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து மாடிப்படி தெரிந்தது. ஒரு நடை ஏறிப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்க வந்தவன், குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கிளம்பும்போது, கொல்லையில் நான் நட்ட முருங்கையிலிருந்து காய் பறித்து நீட்டினார். “இம்புட்டு காச்சுக் கெடக்குண்ணே, வெஞ்சனத்துக்கு வச்சுக்கங்க.” நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கதையைக் கேட்ட மனைவி, “செத்துக்கித்துப் போயிராதீங்க, மிச்சப் பணத்த நான் ஒருத்தியா பொரட்ட முடியாது” என்றாள். பிறகு மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“சாகுறது நீங்க இல்லப்பா. அந்தக் காலத்து இங்கிலாந்துல அடமானம் ரெண்டு வகை. நெலத்து வெளச்சல் கடன்ல கழிஞ்சுக்கிட்டே வந்தா, அது உசுருள்ள அடமானம். வெளச்சல கடன் குடுத்தவரு தின்னுட்டு, கடன் கொறையாம அப்பிடியே கெடந்தா செத்த அடமானம். நம்ம ஒத்தி மாதிரியே.” பின்னால் வந்த வக்கீல்கள் வேறொன்று சொன்னார்களாம்: கடனைக் கட்டாவிட்டால் சொத்து நமக்குச் செத்தது, கட்டிவிட்டால் அடமானம் செத்தது.

“முருங்கைக்கா கூடவா கழியாது?” என்று கேட்டேன்.

“கழியாதுப்பா.”

அவள் சிரிக்கவில்லை.

கெடு வந்தபோதும் மிச்சப் பணம் புரளவில்லை. கூடுதல் கெடு கேட்டதும் அந்த அம்மாவின் கணவர் உடனே ஒத்துக்கொண்டார். ஒத்தியை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டி எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் வாடகை வீட்டுக்குத் திரும்பினோம்.