ஏழாம் நம்பர் கட்டை

அன்பர்களே, என் மகள் சுமதி கடலுக்கடியில் இருந்தாள். நான் படகில் மண்டியிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு. அவளை அங்கே அனுப்பியது என் கைதான். பெற்றவன் எவனுக்கும் அந்த நேரம் வரக்கூடாது.

நான் காவாந்தண்டலத்தில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியார். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. சுமதி கடல் ஆராய்ச்சி செய்பவள். பங்குனி ஆமைகளின் ஓட்டில் சிறு கருவி ஒன்றை ஒட்டி விடுவார்கள். அது தண்ணீருக்குள் ஒலி எழுப்பும். அந்த ஒலியைக் கேட்டுப் பதியும் ரிசீவரைக் கடலடியில் நிறுத்த வேண்டும். அடியில் கான்கிரீட் கட்டை, அதன் வளையத்தில் கயிறு, கயிற்றில் ரிசீவர், மேலே மிதவை.

பன்னிரண்டு கட்டைகளையும் கிணற்று உறை வார்க்கும் கொத்தனாரை வைத்து எங்கள் தோட்டத்திலேயே வார்த்தேன். மூட்டைக்கு மூன்று கட்டை என்பது என் கணக்கு. ஏழாவதை வார்க்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சிமெண்ட் கரைந்து ஓடியது. இன்னொரு மூட்டை பிரித்தால் கணக்கு உதைக்கும் என்று, நீர்த்த கலவையையே கொட்டச் சொன்னேன். காய்ந்தபின் சிவப்புப் பெயிண்டில் 7 என்று எழுதினேன். சுமதியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே தேசப்பன் என்பவரின் படகில் போனோம். கூட அவர் தம்பி. ஆறு கட்டைகள் ஒழுங்காக இறங்கின. ஏழாவதைப் படகின் விளிம்பில் தூக்கி வைத்தார்கள். எனக்குக் கயிற்றின் நீளத்தில் சந்தேகம் வந்தது. பிளாஸ்டிக் டப்பில் சுற்றி வைத்திருந்ததை வெளியே எடுத்தேன்.

"நைனா, டப்புல சுத்தி வச்ச கயித்த இன்னாத்துக்கு அவுக்கற?" என்றாள் சுமதி.

"பதினாலு பாகம்னு எழுதிக்கீற. பதிமூணுதான் கீதோன்னு…"

"அப்டியே அலையையும் எண்ணிடு."

சிரித்தாள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். நான் விரித்து விரித்து அளந்தேன். பதினான்கு சரியாக இருந்தது. அளந்த கயிறு அவள் காலடியில் தளர்ந்து கிடந்தது.

அலை ஒன்று படகைப் பக்கவாட்டில் அறைந்தது. கட்டை சரிந்து கடலில் விழுந்தது. கயிறு சாட்டைபோல் சீறி ஓடியது. ஒரு சுருள் சுமதியின் கணுக்காலைக் கவ்வியது. தலை பலகையில் மோதியது. விளிம்பைப் பற்றினாள். நகங்கள் பிய்ந்தன. பலகையில் நான்கு ரத்தக் கோடுகள். அவள் இல்லை.

"யோவ் பெருசு, ஒத்து!"

தேசப்பன் தள்ளியதில் என் முன்பல் உடைந்தது. அண்ணனும் தம்பியும் மிதவைப் பக்கத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கயிறு அவர்கள் உள்ளங்கைகளை உரித்தது. கட்டை சேற்றில் பதிந்திருந்தது. படகு சாய்ந்ததே தவிர கயிறு ஒரு சாண்கூட மேலே வரவில்லை.

திருப்புட்குழிப் பெருமாள் எங்கள் குலதெய்வம். சிறகறுந்த சடாயுவுக்கு ஈமக்கடன் செய்தவர் என்பது நினைவுக்கு வந்தது. "ஈமக்கடன் வேண்டாம் பெருமாளே! பிள்ளை வேணும்!" என்று வாயில் ரத்தத்தோடு கத்தினேன். நாற்பத்தெட்டில் என் எண்ணிக்கை நின்றது. அதற்குப் பிறகு எத்தனை என்று இன்றுவரை தெரியாது.

கயிறு சட்டென்று தளர்ந்தது. இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். எழுந்து மளமளவென்று இழுத்தார்கள். முதலில் அவள் கால் வந்தது. முகம் நீலம் பூத்திருந்தது. தம்பிக்காரர் மார்பை அழுத்தினார், வாயில் ஊதினார், மறுபடி அழுத்தினார். சுமதி என் மடியில் கடல்நீரைக் கக்கிவிட்டு அலறினாள். அவள் பிறந்த அன்று அழுததற்குப் பிறகு அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

கயிற்றின் நுனியில் கட்டை இல்லை. இரும்பு வளையமும் ஒரு பிடி சிமெண்டும் மட்டும்.

"எவன்யா இந்தக் கட்டையப் போட்டவன்? புட்டு மாதிரி உதுருது."

"நான்தான்."

தேசப்பன் என்னையே பார்த்தார். "உன்னக் கும்புடறதா, கன்னத்துல நாலு உடறதானு தெரில சார்."

கணுக்காலில் பத்தொன்பது தையல். மருத்துவமனையில் வைத்தே என் இரண்டு குற்றங்களையும் சுமதியிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது நியாயம். என் தப்பு நல்லதாயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தப்பைக்கூட ஒரு பிடியாகப் பிடித்துப் பெருமாள் என் பிள்ளையைத் தூக்கினார் என்கிறேன்.

ஏழாவதை நல்ல கலவையில் திரும்ப வார்த்தோம். இப்போது அது கடலடியில் ஆமைகளின் வரவைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. டப்பில் சுற்றிய கயிற்றை நான் தொடுவதில்லை. உதிர்ந்த வளையத்தைத் திருப்புட்குழிக்கு எடுத்துப் போய், படியில் வைத்து விழுந்து கும்பிட்டேன்.

இன்னும் எண்ணுகிறேன், அது போகாது. ஆனால் நாற்பத்தெட்டுக்கு மேல் இருப்பது என் கணக்கில்லை என்று தெரிந்துவிட்டது. உங்கள் எண்ணிக்கை எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து அவரைக் கூப்பிடுங்கள்.