முனியாண்டிக்கு நேர்ந்த சேவல்

இன்று ஜெலாப்பாங்கில் கோழித் தீவனம் விற்கும் கடைக்காரர் என் காலில் இருந்த தழும்பைக் காட்டிக் கேட்டார். "அண்ணே, என்னா வெட்டு இது? பாராங் கத்தியா?"

"சேவல்" என்றேன். சிரித்துவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், புத்தகம் படித்துத்தான் கோழி வளர்க்கத் தொடங்கினேன். கோழிகளுக்குச் சீக்கு வரக்கூடாதென்று என் மனைவி முதல் சேவலை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டாள். திருவிழா வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

அது சேவலுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சேவலின் கண்ணைக் கொத்தி எடுத்தது. முட்டை எடுக்கப் போன என்மேல் பாய்ந்து, கால்முள்ளால் சதையைக் கிழித்தது. ரத்தம் சொட்ட, வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தியை ஓங்கினேன்.

மனைவி குறுக்கே வந்தாள். "சாமி கோழிலா அது! நீங்க வெட்டுனா மத்த கோழியெல்லாம் செத்துப் போயிரும்!"

கையை இறக்கிவிட்டேன்.

திருவிழாவில் பூசாரி ஒரே வெட்டாக வெட்டினார். தலையில்லாமலே அது என்னை நோக்கித்தான் ஓடிவந்தது. ஊரே பார்க்க நான் ஓடினேன்.

கறி ரப்பர் மாதிரி இருந்தது. ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித் தின்றேன்.

கோபத்தில் இப்படிச் சாப்பிட்டவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா, நான் மட்டும்தானா?