புஷ்பாவுக்குப் பிடிக்காத டீ

தினமும் காலை எட்டு மணிக்கு நான் ஒரு தேயிலைப் பொட்டலமாகிவிடுகிறேன். “ஹாய், நான் எழுந்துட்டேன், நீங்க?” என்று நிறுவனத்தின் பக்கத்தில் எழுதி, ஆவி பறக்கும் கோப்பையின் படத்தைப் போட வேண்டும். முகம் தெரியாத பலர் அந்தப் பொட்டலத்துக்குக் காலை வணக்கம் சொல்வார்கள். நானும் பொட்டலத்தின் சார்பில் நன்றி சொல்வேன். மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு சிறு தேயிலை நிறுவனத்தின் சமூக ஊடக வேலைக்கு வந்து இது மூன்றாவது வருடம். கோயம்புத்தூரில் அப்பாவின் மளிகைக் கடை வாசலில் டீ கம்பெனிக்காரர் ஒரு தகரப் பலகையை அடித்துவிட்டுப் போவார். அது துருப்பிடித்து உதிரும்வரை அதுதான் விளம்பரம். அந்தத் தேயிலை யாரிடமும் நலம் விசாரித்ததில்லை.

இங்கே என் மேலாளர் மிஸ் லிம்முக்கு ஒரே பயம்: கைபேசியிலேயே வாழும் இளைஞர்கள் எங்களை மறந்துவிடுவார்கள். “உண்மையான முகம் வேண்டும்” என்றார். உண்மையான முகம் என்றால், சேலை கட்டி, முதுகில் கூடை சுமந்து, கையால் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண். தோட்டத்தில் மெஷின் வைத்து வெட்ட ஆரம்பித்துப் பல காலமாகிறது. இருந்தும், இணையத்தில் வாங்கிய மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு புஷ்பா அக்காவிடம் போனேன். இங்கேயே பிறந்து, வெட்டும் மெஷின் பிடிக்கிறவர். வந்த புதிதில் அவர் “பசியாறியாச்சா?” என்று கேட்டதற்கு, “எனக்குப் பசியே இல்லைங்க்கா” என்றேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவருக்குச் சிரிப்புதான்.

“இதென்னம்மா, கோயிலுக்குப் பூக்கூடையா?”

“கொழுந்து கிள்றதுக்குங்க்கா.”

“இப்ப யாரு கைல கிள்றா? சேலயக் கட்டிக்கிட்டு மல ஏறுனா வழுக்கி விழுந்துருவேன் லா.”

இந்த ஊரில் யார் பேசினாலும் வாக்கியம் ‘லா’வில்தான் முடியும். கடைசியில் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாகத்தான் நேரலையில் நின்றார். மிஸ் லிம் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பார்வையாளர் ஒருவர் தமிழில் கேட்டார்: “இந்த டீயை நீங்க குடிப்பீங்களா?”

“இந்தப் பொட்டி டீயா? நான் குடிக்க மாட்டேன் லா. சப்புன்னு இருக்கும். பிரிஞ்சாங் டவுன்ல தூள் வாங்கி, டின்பால் ஊத்தி, நல்லாக் கொதிக்க வெச்சாத்தான் எனக்கு டீ.”

மிஸ் லிம் என்னைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

“ரொம்பப் பிடிக்குமாம்” என்றேன். என் வேலை அனுமதி நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. பொய் தானாக வந்தது. அது அக்காவுக்கும் புரிந்துவிட்டது என்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது.

மறுநாளே யாரோ அக்காவின் பதிலை மட்டும் வெட்டி, கீழே மலாய் மொழிபெயர்ப்பு போட்டுப் பரப்பிவிட்டார்கள். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு மிஸ் லிம்மின் அறைக்குள் நுழைந்தால், அவர் சிரிக்கிறார். நேர்மைதான் இப்போது விற்குமாம்! கொஞ்ச நாளில் அக்காவின் படத்தோடு புதுப் பொட்டலம் வந்தது: ‘புஷ்பாவுக்குப் பிடிக்காத டீ.’ தமிழ் வரியை எழுதிக் கொடுத்தவள் நான். அக்காவிடம் கேட்டாயிற்றா என்று நான் கேட்கவில்லை.

பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, சேறு படிந்த பூட்ஸோடு அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நீங்கள் பிரபலமாகிவிட்டீர்கள் என்று மிஸ் லிம் மலாயில் பூரித்தார். ஒரு பரிசுக் கூடையையும் நீட்டினார். அக்கா அதைத் தொடவில்லை. மலாய் தெரிந்தும், தமிழில் என்னிடமே பேசினார்.

“தோட்டத்துச் சோத்தத் தின்னுட்டுத் தோட்டத்தையே ஏசுறேன்னு எல்லாரும் பேசுறாங்க. நான் டீயத்தானே சொன்னேன்? நான் இங்க வேலைக்கு வரேன். என் பேரு வேலைக்கு வரல. நீ சொல்லு. இந்தத் தடவ சரியா சொல்லு.”

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்றது. ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அன்று நான் தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்றேன். அக்கா சம்மதம் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை, அவர் வெளியே போய்ச் சொன்னால் நமக்குத்தான் அசிங்கம் என்றும் சேர்த்துச் சொன்னேன். மாலையில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதோடு, மீதிப் பொட்டலங்களில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டும் உத்தரவும். பொட்டலம் கட்டும் அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து அக்காவின் முகத்தை மூடினேன். வேலை இடைவேளையில் அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார். ஒரு சுருளை எடுத்து ஒட்ட ஆரம்பித்தார். “கோணலா ஒட்டாதம்மா” என்றார். மன்னித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அம்மா அழைத்தாள். அங்கே மழையா என்றாள்.

“ஆமா லா, ஒரே மழ.”

“ஏங்கண்ணு, எங்கிட்டத்தான் பேசறயா?”

ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டேன். குடையைப் பாதி என் பக்கம் சாய்த்தபடி, பக்கத்தில் நின்ற உள்ளூர்த் தமிழ் அம்மாள் ஒருவர் சிநேகமாகச் சிரித்தார்.

“ஊரு இந்தியாவாம்மா? பேசுனதுமே தெரியுது.”